இடது காலில் ஆறு ரப்பர்

ஷார்ஜா
16.2.1997

சகோதரி ரங்கநாயகிக்கு,

நாகூர் மீரான் எழுதுகிறேன். உங்களப்பாவின் பட்டறையில் ஜன்னலோர லேத்தில் நின்ற அதே மீரான். நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் அந்த இடத்திலேயே கிழித்துப் போட்டுவிடுவீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இங்கே ஒரு சைக்கிள் கடையில் மெக்கானிக்காக இருக்கிறேன். வெள்ளைக்காரர்கள் லீவு நாளில் மலைப்பக்கம் போய்ப் பாறையிலும் கல்லிலும் ஓட்டிவிட்டு, சைக்கிளை நொண்டியாக்கி என்னிடம் கொண்டுவந்து தள்ளுவார்கள். போன வாரம் ஒருவர், முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் தாங்குகிற ஃபோர்க்கைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டச் சொன்னார். கழற்றியதைப் பிரித்தேன். உள்ளே ரப்பர். ஒரு கம்பியில் வரிசையாகக் கோத்த மஞ்சள், சிவப்பு ரப்பர்த் துண்டுகள். சக்கரம் கல்லில் ஏறினால் அவை அமுங்கும், இறங்கினால் எழும், ஓட்டுகிறவன் கைக்கு அதிர்வு வராது. "அந்தக் காலத்துச் சாமான், குப்பையில் போடு" என்றார். இப்போதெல்லாம் ஸ்பிரிங்கும் எண்ணெயுமாம். அவர் சொன்ன அந்தக் காலத்துக்கு ஐந்து வயதுகூட முழுசாக ஆகவில்லை.

குப்பையில் போட மனம் வரவில்லை. பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறேன்.

உக்கடம் பழைய புத்தகக் கடையில் உங்களண்ணன் வரதராஜ் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டியது 92ஆம் வருஷம் ஆடிக் காற்றில். மோட்டார் பைக்குக்கு இருப்பது போல, முன் சக்கரத்தைப் பிடிக்கும் இரண்டு கால்களும் குழாய்க்குள் குழாயாக இறங்கும் சைக்கிள். "டேய் மீரான், இதுல ஒண்ணுமே இல்லடா. ரெண்டு பைப்பு, கொஞ்சம் ரப்பரு. நாமளே செஞ்சுபோடலாம்" என்றான். பைப்பை நான் கடைந்தேன். ரப்பர் நீங்கள் வேலைக்குப் போகிற மில்லில் இருந்து வந்தது; நூல் இழுக்கும் ரோலரில் மாட்டித் தேய்ந்து கழித்துப் போட்டது. நீங்கள்தான் டிபன் பையில் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பீர்கள். கம்பியில் கோத்துப் பார்த்துவிட்டு, "ஆஞ்சநேயருக்குச் சாத்துற வடைமாலை மாதிரியே இருக்குது" என்று வரது கும்பிட்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. நான் வாழ்க்கையில் நன்றாக இருந்த காலம் எது என்று யாராவது கேட்டால் அந்த ஒன்றரை வருஷத்தைத்தான் சொல்வேன்.

93 டிசம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. காந்திபுரத்தில் கோத்தகிரி பஸ் மேலே அந்தச் சைக்கிளைக் கயிறு போட்டுக் கட்டியவன் நான். "சாயந்திரம் டீ உங்கூட்லதான்" என்று ஜன்னலில் இருந்து கத்தினான். மலையில் இருந்து அதை ஓட்டிக்கொண்டு இறங்கும்போது ஒரு வளைவில் தடுப்புச் சுவரைத் தாண்டிப் போய்விட்டான். பார்த்தவர் யாருமில்லை.

சைக்கிளைப் போலீஸ் ஸ்டேஷனில் இருந்து உங்களப்பா வாங்கிவந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். குடோனில் எங்காவது கிடக்கும். அதைப் பிரித்துப் பார்த்து எனக்கு ஒரு பதில் எழுதுவீர்களா? என் வேலை உடைந்து அவன் விழுந்தானா, விழுந்ததில் என் வேலை உடைந்ததா? இது தெரியாமல் என்னால் ஊர்ப் பக்கம் வர முடியவில்லை.

நாகூர் மீரான்


சிங்காநல்லூர்
11.3.1997

திரு. நாகூர் மீரான் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. கிழித்தால் அம்மா துண்டுகளைப் பொறுக்கி ஒட்டிவைத்துப் படிப்பாள். அதற்குப் பயந்துதான்.

மூன்று வருஷம் கழித்துச் சைக்கிள் எப்படி இருக்கிறது என்று கேட்கிறீர்கள். நல்லது. அம்மா எப்படி இருக்கிறாள், அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்க உங்களுக்குத் தோன்றவில்லை.

அண்ணனை எடுத்த அன்று இந்தத் தெருவே வந்தது. மில்லில் இருந்து வந்தார்கள், பட்டறையில் இருந்து வந்தார்கள். அவன் காலேஜில் சண்டை போட்டவன்கூட வந்து அழுதான். அப்பா மட்டும் தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றார். "மீரான் வந்துட்டானா அம்மணி?" என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டார். பதினாறாம் நாள் இலை போடும்போதும் கேட்டார். பிறகு நீங்கள் விமானம் ஏறிவிட்டீர்கள் என்று பட்டறை ஆள் சொன்னதும், கேட்பதை விட்டுவிட்டார்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அதுவரை உங்கள் மேல் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நீங்கள் வராமல் இருந்ததால்தான் ஊர் பேசியது. தப்பு செய்யாதவன் ஏன் ஓட வேண்டும் என்றார்கள். நானும் அதையேதான் கேட்டேன்.

அந்தச் சைக்கிளைப் பற்றி இந்த வீட்டில் பேச்சே கிடையாது. இனிமேல் கேட்காதீர்கள்.

ர. ரங்கநாயகி


ஷார்ஜா
30.3.1997

சகோதரி ரங்கநாயகிக்கு,

நீங்கள் எழுதியதில் ஒரு வரிகூடத் தப்பில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். நான் வந்தேன்.

தெருமுனை டீக்கடை வரைக்கும் வந்தேன். சாமியானா போட்டிருந்தது. உங்களப்பா வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் கைகூப்பிக்கொண்டிருந்தார். எனக்கும் கைகூப்பிவிடுவாரோ என்று பயமாகிவிட்டது. ஒரு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டு உள்ளே வந்திருப்பேன். அந்தக் கும்பிடை என்னால் வாங்கியிருக்க முடியாது. அப்படியே பஸ் ஏறிக் கோட்டைமேட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மாமா விசாவுக்குச் சொல்லிவைத்திருந்தார், மூன்றாவது வாரம் கிளம்பினேன். ஓடினேன் என்று ஊர் சொன்னால் அது சரிதான்.

கேட்காதீர்கள் என்று சொன்ன பிறகும் கேட்கிறேன், மன்னியுங்கள். என் அம்மாவுக்குச் சர்க்கரை. காலில் புண் ஆறவில்லை. "வந்து மொகத்தக் காட்டிட்டுப் போ தம்பி" என்று ஒவ்வொரு போனிலும் அழுகிறார். இரண்டு முறை டிக்கெட் எடுத்து இரண்டு முறையும் கேன்சல் செய்தேன். ஊருக்கு வந்தால் சிங்காநல்லூர் வராமல் இருக்க முடியாது. வந்தால் உங்களப்பாவிடம் எதைச் சொல்வது? நான் கொன்றேன் என்பதா, கொல்லவில்லை என்பதா?

பார்ப்பது சுலபம். சக்கரத்துக்கு மேலே இரண்டு கால்களையும் சேர்க்கிற வளைந்த பட்டை ஒன்று இருக்கும். இரண்டு முனையிலும் நான் வைத்த வெல்டிங். துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். விரிசல் இருந்தால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுதினால் போதும், மீதியை நான் சொல்லிவிடுவேன். பிறகு இரண்டு காலின் மேலேயும் பித்தளை மூடி. 22 ஸ்பேனர் போட்டுத் திருகினால் ரப்பர் கோத்த கம்பி வெளியே வரும். இரண்டு காலிலும் ஏழேழு ரப்பர். கிழிந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இங்கே வந்த பிறகு ஒன்று தெரிந்துகொண்டேன். கடை ஏ.சி.யில் ராத்திரி முழுக்க இருந்த ரப்பரைக் காலையில் அமுக்கினால் அமுங்காது. வெயிலில் வைத்தால் குழைந்துவிடும். நாங்கள் அந்த ஃபோர்க்கைப் பழக்கியது சிங்காநல்லூர் குளத்து மேட்டில், சித்திரை வெயிலில். வரது மேட்டில் இருந்து கண்ணை மூடிக்கொண்டு இறங்குவான். "பஞ்சு மெத்தடா, பஞ்சு மெத்த!" என்று கத்துவான். நான் பின்னால் ஓடுவேன். கரையில் மீன் பிடிக்கிறவர்கள் எங்களைப் பைத்தியம் என்று திட்டுவார்கள். டிசம்பர் மாதம் காலையில் கோத்தகிரிக் குளிரில் அதே ரப்பர் கல்லாகிவிடும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. இரண்டு பேரும் வெயில் ஊர்க்காரர்கள்.

இந்தக் கடையில் எவ்வளவோ ஃபோர்க் பார்த்துவிட்டேன். ஆறாயிரம் திர்ஹாம் சைக்கிள்கூட என் கை வழியாகப் போயிருக்கிறது. எதில் ஏறி உட்கார்ந்தாலும் குளத்து மேட்டில் வந்த அந்த மெத்தை வரவில்லை.

மீரான்


சிங்காநல்லூர்
27.4.1997

மீரான் அண்ணனுக்கு,

நேற்று கோட்டைமேட்டுக்குப் போய் உங்கம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். மில்லில் அரை நாள் லீவு போட்டுவிட்டு, வீட்டில் சொல்லாமல்.

பக்ருன்னிசா அம்மா என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. வரதராஜின் தங்கச்சி என்றதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை. கால் விரல் கறுத்துவிட்டது. ஆபரேஷன் செய்து எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் நாள் குறித்துக் கொடுத்தும், மகன் முகத்தைப் பார்க்காமல் மயக்க ஊசி போட்டுக்கொள்ள மாட்டேன் என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறார். "அம்மணி, ஒங்கூட்டுக் கோவம் தீந்தாத்தான் எம்பையன் வருவான். எங்காலுக்காகக் கேக்குலங்க கண்ணு, அவனுக்காகக் கேக்குறேன்" என்றார். உங்கள் வீட்டு டீயையும் குடித்தேன். அண்ணன் ஏன் அங்கேயே விழுந்து கிடப்பான் என்று இப்போது புரிகிறது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். இன்று காலையில் குடோனில் அந்தச் சைக்கிளை எடுத்து நீங்கள் எழுதியபடியே பார்த்தேன். பட்டையைத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். இரண்டு முனையிலும் வெல்டிங் அப்படியே இருக்கிறது, மயிரிழை விரிசல்கூட இல்லை. மூடியைத் திருகிக் கம்பியை வெளியே எடுத்தேன். இரண்டு காலிலும் ஏழேழு ரப்பர். ஒவ்வொன்றாக எண்ணினேன். ஒன்றுகூடக் கிழியவில்லை.

உங்கள் வேலை உடையவில்லை. பனியில் ரோடு தெரியாமல் போயிருக்கும். இனி நீங்கள் அதையே நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம். சீக்கிரம் வாருங்கள். அந்த விரல் காத்திருக்காது.

ரங்கநாயகி


ஷார்ஜா
15.5.1997

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்த அன்றே டிக்கெட் எடுத்துவிட்டேன். கடையில் லீவு கிடைத்தது ஜூன் 21, சனிக்கிழமைக்குத்தான். இந்தத் தடவை கேன்சல் செய்ய மாட்டேன். அம்மாவுக்குப் போனில் சொன்னேன். ஆபரேஷனுக்குச் சம்மதித்துவிட்டார்.

அண்ணன் என்று எழுதியிருந்தீர்கள். அதனால் இதை உங்களிடம் மறைக்கக் கூடாது.

நீங்கள் அந்த ஃபோர்க்கைப் பிரிக்கவில்லை.

இடது காலில் ஏழு ரப்பர் இல்லை. ஆறுதான். இது எனக்கும் வரதுவுக்கும் மட்டும் தெரியும். ஏழேழு என்று நான் உங்களுக்கு எழுதியது பொய். எழுத வெட்கமாக இருந்தது. பார்க்கிறவர் எண்ணிப் பார்த்து எழுதினால் அப்போது ஒத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நீங்கள் என் பொய்யையே எனக்குத் திருப்பி எழுதிவிட்டீர்கள்.

நடந்தது இதுதான். அவன் மலைக்குப் போவதற்கு முதல் நாள், சனிக்கிழமை சாயந்திரம், பட்டறையில் நசுங்கித் தட்டையாகிப்போன பழைய ரப்பரை எல்லாம் எறிந்துவிட்டுப் புதிது கோத்தோம். எண்ணிப் பார்த்தால் பதிமூன்றுதான் இருந்தது. "ஒண்ணு கொறையுதுடா, அடுத்த ஞாயித்துக்கெழம போய்க்கலாம்" என்றேன். எனக்கும் மறுநாள் மாமா மகள் நிக்காஹ், கூடப் போக முடியாது. அவன் கேட்கவில்லை. "ஒரு ரப்பருக்கு ஒரு வாரமா? வாஷரப் போட்டு அடைச்சுவுடு" என்றான். அவன் சொன்னான், ஆனால் போட்டவன் நான். இடது காலில் ஏழாவது ரப்பர் இருக்க வேண்டிய இடத்தில் இரும்பு வாஷர்களை அடுக்கி மூடியைத் திருகினேன். ஒரு கால் மெத்தென்று இறங்கும், இன்னொரு கால் அடம்பிடிக்கும். வேகமாக வளைவில் இறங்கினால் சக்கரம் ஒரு பக்கம் இழுக்கும். வெல்டிங் வெல்டிங் என்று உங்களிடம் கேட்டேனே தவிர, என் மனசு அந்த வாஷரிலேயேதான் கிடந்தது.

எனக்குக் கோபமில்லை. என் அம்மாவின் கால் விரலுக்காக ஒருவர் எனக்குப் பொய் எழுதியிருக்கிறார். அதுவும் அந்த வீட்டில் இருந்து. நான் வருவது அதனால்தான். ஆனால் உங்களப்பா முன்னால் வந்து நிற்பதற்குள் எனக்கு உண்மை தெரிய வேண்டும். சைக்கிளைப் பார்த்தீர்களா இல்லையா? உடைந்ததைப் பார்த்துவிட்டு மறைத்தீர்களா? எதுவானாலும் எழுதுங்கள்.

மீரான்


சிங்காநல்லூர்
1.6.1997

மீரான் அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு நாளாக எழுதுகிறேன். இதைத் தபாலில் போடாமலே விட்டுவிடலாம் என்றும் நினைத்தேன். நீங்கள் மறைக்காமல் எழுதியதால் என்னாலும் மறைக்க முடியவில்லை.

நான் சைக்கிளைப் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது. அது இல்லை.

பதினாறு முடிந்த மறுநாள் பட்டறைக்குப் பின்னால் இருக்கிற எங்கள் பவுண்டரியில் இரும்பு உருக்க உலை மூட்டினார்கள். அப்பா அந்தச் சைக்கிளைத் தானே உருட்டிக்கொண்டு போனார். ஆட்கள் தடுத்தார்கள். "வேண்டாமுங்க மொதலாளி, அது பாட்டுக்கு ஒரு மூலைல கெடக்கட்டும்" என்றார்கள். அப்பா யார் பேச்சையும் கேட்கவில்லை. கேஸ் வெல்டிங்கில் அறுத்து, துண்டு துண்டாகத் தன் கையாலேயே உலைக்குள் போட்டார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைய வார்ப்பு முழுக்க மோட்டார் பம்புக்கு. ஈரோட்டுக்குக் கொஞ்சம், தாராபுரத்துக்குக் கொஞ்சம் என்று போய்விட்டது. உங்கள் வெல்டிங்கும் வாஷரும் எந்தத் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிறதோ, யாருக்குத் தெரியும்? உடைந்ததா உடையவில்லையா என்று இனி யாராலும் சொல்ல முடியாது அண்ணா. எனக்குத் தெரிந்த உண்மை அவ்வளவுதான்.

இதோடு முடிந்தால் நான் நான்கு நாள் எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

பதிமூன்றுதான் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எழுந்துபோய் என் பீரோவைத் திறந்தேன்.

அண்ணன் என்னிடம் பதினான்கு கேட்டிருந்தான். பதிமூன்று கொடுத்திருந்தேன். வெள்ளிக்கிழமை சாயந்திரம் மில்லில் இருந்து வந்ததும் வாசலிலேயே மறித்தான். "அம்மணி, இன்னும் ஒண்ணே ஒண்ணு. கொண்டாந்தியா கண்ணு?" என்றான். கொண்டுவந்திருந்தேன். டிபன் பைக்குள் இருந்தது. ஆனால் அன்று மில் கேட்டில் செக்யூரிட்டி என் பையைப் பிடித்து வைத்துக்கொண்டு நாலு பேர் முன்னால், "கழிச்ச ரப்பரத் தூக்கிட்டுப் போயி என்ன பண்றீங்க, ஊட்ல மில்லு வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டுச் சிரித்திருந்தார். அதற்கு முந்தின வாரம் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் அண்ணன் கிரீஸ் கையோடு வந்து உட்கார்ந்து பஜ்ஜி தின்ற கோபம் வேறு. அந்தச் சம்பந்தம் அமையவில்லை. அதுவும் இவனால்தான் என்று மனசுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன்.

"இல்ல. கேட்டுல வுடல" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு நாள் தவிக்கட்டும், திங்கட்கிழமை கொடுக்கலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் நினைப்பு. பையைத் தொட்டுப் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பான். அவன் என் பையை எல்லாம் தொடுகிறவன் இல்லை. "செரி போ, பாத்துக்கலாம்" என்று தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டான்.

அந்த ரப்பரை இவ்வளவு நாளும் வைத்திருக்கிறேன். அவன் கடைசியாக என்னிடம் கேட்ட பொருள் என்பதால் வைத்திருந்தேன். அது இல்லாமலேயே சைக்கிளைப் பூட்டினீர்கள் என்றோ, அதன் இடத்தில் இரும்பைப் போட்டு அவன் மலை ஏறினான் என்றோ எனக்குத் தெரியாது. எங்கேயாவது வேறு ரப்பர் கிடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது.

நீங்கள் ஓடிப்போனீர்கள் என்று நானும் பேசியிருக்கிறேன். மூன்றரை வருஷம் அங்கே உட்கார்ந்து நீங்கள் சுமந்ததில் பாதி, இந்த வீட்டில் என் பீரோவுக்குள் சேலைக்கு அடியில் இருந்திருக்கிறது.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீங்கள் கேட்ட கேள்வியை இப்போது நான் கேட்கிறேன். நான் கொன்றேன் என்பதா, கொல்லவில்லை என்பதா?

21ஆம் தேதி வாருங்கள். முதலில் அம்மாவைப் பாருங்கள், ஆபரேஷன் முடியட்டும். அதன் பிறகு இங்கே வாருங்கள். தெருமுனை டீக்கடையில் நின்றுவிடாதீர்கள், நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். இரண்டு பேரும் சேர்ந்தே அப்பா முன்னால் நிற்கலாம்.

ரப்பரை உங்கள் கையில் தருகிறேன். உங்கள் பிஸ்கட் டின்னில் போட்டுக்கொள்ளுங்கள். இந்த வெயிலில் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தேன். இன்னும் நன்றாக அமுங்கி எழுகிறது.

ரங்கநாயகி